காட்சியும் கடப்பாடும்

மலையகத்திலே 'தோட்டம்' என்னும் சொல் ஏனைய தமிழ்ப் பிரதேசங்களில் உள்ள பொருளில் வழங்குவதில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காயும் கனியும் விளையும் சிறு நிலத்தையே அச்சொல் நினைவூட்டும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தோட்டம் என்பது நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரியும் தேயிலை மலை. தொழிற்சாலை, துரை பங்களா, லயங்கள், பெரட்டுக்களம், கோயில், பாடசாலை யாவும் அதனுள் அடங்கும். அங்கே மனிதர் தோட்டத்துக்கு உரியவராய்க் கருதப்பட்டனரேயன்றித் தோட்டம் மனிதருக்கு உரியதாய் இருந்ததில்லை.

ஆயினும் அப்பெருந்தோட்டத்தினுள்ளே வேறு இரண்டு சிறு தோட்டங்கள் உண்டு. ஒன்று பங்களாவைச் சூழ்ந்த புல்வெளியும் பூம்பாத்தியும். மற்றது லயத்தின் பின்புறத்திலோ ஓடைக் கரையிலோ தொழிலாளி கோவாவும் கரட்டும் போஞ்சியும் நட்டு வளர்க்கும் மரக்கறிக் கொல்லை. பறவைகளுக்கு இவ்வேறுபாடு தெரியாது. இலங்கைக்கே உரிய மஞ்சட்காதுச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் பங்களா ரோசாச் செடியிலிருந்து கொல்லை வேலிக்கும், அங்கிருந்து தேயிலை மலைக்கும் எவ்விதத் தடையுமின்றிப் போய் வருகின்றன. அவற்றைக் காணும் கண்களுக்கோ இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது.

பழைய பங்களாக்கள் பல இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மாறியுள்ளன. விடியற் பனியில் தோளிலே பெருங் கமராவைத் தாங்கி, புல்வெளியின் ஓரத்தில் அசைவின்றி நின்று பறவைகளைப் படம் பிடிப்போரை அங்கே காணலாம். கைத்தொலைபேசி வந்த பின்னர் லயத்து இளைஞரும் தம் வாசலுக்கு வரும் கரிச்சானையும் மைனாவையும் படம் பிடிக்கின்றனர். இதில் அறப்பிரச்சினை ஏதும் உண்டா?

மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து இல்லையென்றே கூறத் தோன்றும். படம் பிடித்த பின்னரும் பறவை பறவையாகவே இருக்கின்றது. அதன் ஓர் இறகுதானும் குறைவதில்லை. முன்னைய நிலை இவ்வாறிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைப் பறவைகளை ஆராய்ந்தோர் துப்பாக்கியின் துணைகொண்டே ஆராய்ந்தனர். 1880ஆம் ஆண்டில் நிறைவெய்திய லெக் என்பாரின் இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூல், சுட்டுப் பதப்படுத்திய பறவைத் தோல்களை ஆதாரமாகக் கொண்டது. மலைக்காட்டு ஓடைகளில் வாழும் இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி 1872இல் விஞ்ஞானப் பெயர் பெற்றபோது, மாதிரிகளைச் சேகரித்த பிளை என்னும் கோப்பித் தோட்டத்துரையின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அழிந்து வரும் நிலையில் உள்ள அப்பறவை இன்றும் அப்பெயரையே சுமந்து திரிகின்றது. துப்பாக்கியோடு ஒப்பிடுமிடத்துக் கமரா பெரியதோர் அறமுன்னேற்றமே. எனினும், கொல்லாமை ஒன்றே அறத்தின் எல்லையா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இவ்வினாவைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன் மலைநாட்டுத் தலைவன். குளிரால் நடுங்குவதாகத் தான் எண்ணிய மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான். பள்ளி நூல்கள் இச்செய்தியோடு நிறுத்திக்கொள்கின்றன. புறநானூறு அவ்வாறு நிறுத்தவில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்திருந்தான். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவளுக்காக அவனிடம் சென்று பாடினர். பொன்னும் பொருளும் வேண்டாம், அவளுடைய துயரைத் தீர்ப்பதே தமக்குத் தரும் பரிசில் என்பதே அப்பாடல்களின் சாரம். மயிலின் நடுக்கத்தைக் கண்ட கண் வீட்டிலிருந்தவளின் கண்ணீரைக் காணவில்லை. புலவர் எவரும் மயிலுக்குப் போர்வை தந்தது பிழையென்று கூறவில்லை என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. அவ்வருளை மெய்யென்று ஏற்றுக்கொண்டே, அது சென்று சேராத இடத்தை அவனுக்குச் சுட்டினர். இதனினும் நுட்பமான அறக்கண்டனம் தமிழில் அரிது.

பேகனின் கண்ணை மலையகத்தின் புகைப்பட வரலாற்றிலும் காணலாம். உலகப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கையிற் குடியேறினார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரூன், கோல்புறூக்-கமரூன் ஆணைக்குழுவினால் இலங்கை வரலாற்றில் இடம்பெற்றவர். இங்கே கோப்பித் தோட்டங்களின் உடைமையாளர். (ஊழிய முறையான இராசகாரியத்தை ஒழிக்க விதந்துரைத்தவரின் குடும்பமே பின்னர் கூலித் தொழிலாளரின் உழைப்பில் வாழ்ந்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.) டெனிசன், டார்வின் முதலிய பேரறிஞரின் முகங்களை இங்கிலாந்தில் படம் பிடித்து அழியாப் புகழ் பெற்ற அம்மையார், 1879 சனவரியில் டிக்கோயாவின் கிளன்கெயான் தோட்டத்தில் மறைந்தார். பொகவந்தலாவைச் சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் அவரும் கணவரும் அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர்.

களுத்துறையில் அம்மையார் வாழ்ந்த வீட்டை, மரஞ்செடிகளை வரைவதில் வல்லவரான மரியான் நோர்த் 1877இல் சென்று கண்டார். முயல்களும் அணில்களும் மைனாக்களும் அச்சமின்றி உள்ளும் புறமும் ஓடித் திரிந்ததையும், பழகிய கலைமான் ஒன்று வாயிலைக் காத்து நின்றதையும் தம் நினைவுக் குறிப்புகளில் அவர் பதிந்துள்ளார். வீட்டுச் சூழலிலே விலங்கும் பறவையும் மனிதரோடு கலந்து வாழும் காட்சிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆனால் அம்மையாரால் அவற்றைப் படம் பிடிக்க இயலவில்லை. அக்காலக் கண்ணாடித் தகட்டை இரசாயனக் கலவையிலே நனைத்து, ஈரம் உலருமுன் ஒளிபடச் செய்து, உடனே கழுவியெடுக்க வேண்டும். அவர் விரும்பிய பெரிய முகப்படங்களுக்குச் சில நிமிடங்கள்கூடத் தேவைப்பட்டன. மைனா அதுவரை காத்திராது. அசையாமல் நில் என்றால் நிற்கக்கூடியவன் மனிதன். அதிலும், நில் என்று சொல்லும் அதிகாரத்துக்கு உட்பட்ட மனிதன்.

எனவே இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியுள்ள சில படங்களிற் பெரும்பாலானவற்றில் உள்ளூர் மாந்தரும் தோட்டத் தொழிலாளருமே நிற்கின்றனர். நோர்த் அம்மையாரின் குறிப்பொன்று இங்கே நினைக்கத்தக்கது. உள்ளூரவர் ஒருவருடைய முதுகின் அழகில் மயங்கிய கமரூன் அம்மையார், அவரைத் தமக்குத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளுமாறு மகனை வற்புறுத்தினாராம். அம்மையாருக்கோ தோட்டமே இருக்கவில்லை. அம்மனிதருக்கோ அச்சொல்லின் பொருளும் தெரியாது. நோர்த் இதனை வேடிக்கையாகவே எழுதினார். வாசிப்போர்க்கும் முதலில் நகையே தோன்றும். சற்றுப் பின்னரே அந்நகை தொண்டையிற் சிக்கும். அழகு கண்ட மாத்திரத்தே அதைத் தன் அருகில் நிறுத்திக்கொள்ள விழையும் மனம் அதிலே வெளிப்படையாய்த் தெரிகின்றது. அம்மனிதருடைய முதுகு வரலாற்றில் இடம்பெற்றது, பெயர் இடம்பெறவில்லை. டெனிசனும் டார்வினும் பெயரோடு நிற்கும் படத்தொகுதியில் களுத்துறையாரும் திம்புள்ளையாரும் 'ஒரு கூட்டம்', 'ஒரு பெண்' என்றே நிற்கின்றனர்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. விநாடியை ஆயிரமாகப் பகுத்து அதிலொரு பகுதியில் பறவையின் சிறகடிப்பைக் கமரா நிறுத்திவிடும். பெயரற்று நின்ற மனிதன் படச்சட்டத்துக்கு வெளியே நகர்ந்தான். பறவை தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், இலத்தீன் பெயர் யாவற்றோடும் உள்ளே வந்தது.

பறவையைப் படம் பிடிக்கும் வேட்கை எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு மேனாட்டு வரலாறு சான்று பகரும். 1892இல் முட்டைகளோடு கூடிய கூடொன்றைப் படம் பிடித்த கியேட்டன் சகோதரர், பின்னர் மாட்டுத் தோலால் போலி எருது ஒன்றைச் செய்து, அதன் வயிற்றினுள் மறைந்திருந்து பறவைகளைப் படம் எடுத்தனர். 1937இல் ஆந்தைக் கூட்டை அணுகிய எரிக் ஹொஸ்கிங் என்பார் தம் இடக்கண்ணை அதன் நகத்துக்குப் பலி கொடுத்தார். ஆயினும் மறு கண்ணோடு அக்கலையைத் தொடர்ந்து பெரும் புகழ் பெற்றார். இது வீரக்கதையாகவே பெரிதும் சொல்லப்படுகின்றது. ஆந்தையின் தரப்பிலிருந்து நோக்கின், அது குஞ்சுகளைக் காக்கப் போரிட்ட ஒரு தாயின் கதை.

நுவரெலியா விக்ரோறியாப் பூங்காவிலே இப்பிரச்சினை நாள்தோறும் சிறிய அளவில் நிகழ்கின்றது. ஐப்பசியளவில் வடக்கேயிருந்து வந்து சித்திரையளவில் மீளும் ஆறுமணிக் குருவியும், காசுமீரத்திலிருந்து வரும் ஈப்பிடிப்பானும் அங்கே தங்குவன. காலையும் மாலையும் குரலெழுப்புவதால் அப்பெயர் பெற்ற ஆறுமணிக் குருவி, ஒன்பது வண்ணம் கொண்டதாயினும் நிழலடர்ந்த தரையிற் சருகைக் கிளறி வாழும் கூச்சமுடைய பறவை. அழுக்கு நீரோடையின் கரையும் அதற்கு உவப்பானதே. ஓடையின் குப்பை படத்தில் விழாதவாறு கமராவைச் சற்றே திருப்பிக்கொள்வது எளிது. பறவை வெளியே வராவிடில், பதிவு செய்த அதன் குரலைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கச் செய்வாரும் உளர். தன் எல்லையிலே இன்னொன்று புகுந்துவிட்டதென்று பதறிய பறவை வெளியே வரும், படமும் கிடைக்கும். நெடுந்தூரம் பறந்து வந்து களைத்த உயிர், இல்லாத பகைவனை எதிர்க்கத் தன் வலுவைச் செலவிடுகின்றது.

மெய்யியலாளர் கான்ற் 1790இல் வெளியிட்ட தம் தீர்ப்பாய்வு நூலில் இதன் மறுபுறத்தைக் காட்டியுள்ளார். விருந்தினரை மகிழ்விக்க எண்ணிய விடுதிக்காரன் ஒருவன், குயிலினும் இனிதாய்ப் பாடும் இராப்பாடிப் பறவையைப்போல் ஒலியெழுப்ப வல்ல சிறுவனைப் புதரினுள் மறைத்து வைக்கின்றான். உண்மை தெரிந்ததும் அவ்விசையை எவரும் பொறுத்திரார் என்பது அவர் கருத்து. இயற்கையழகில் மனிதன் கொள்ளும் ஈடுபாடு அது மெய்யாகவே இயற்கை என்னும் நம்பிக்கையில் தங்கியுள்ளது என்றும், அவ்வீடுபாடு நல்லுள்ளத்தின் அறிகுறி என்றும் அவர் எழுதினார். பொய்க்குரலால் மனிதன் ஏமாற்றப்படுவதே கான்ற் அறிந்த தீங்கு. பறவை தன் இனத்தின் பொய்க்குரலால் ஏமாற்றப்படும் காலத்தை அவர் காணவில்லை. கேட்பவன் ஏமாந்தால் அழகு கெடுமாயின், பாடுவது ஏமாந்தால் மட்டும் அழகு எவ்வாறு கெடாது எஞ்சும்?

கான்றின் கொள்கையில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. அழகை அழகென்று தீர்ப்பவன் அப்பொருளின்மீது சொந்த நலனெதுவும் கொள்ளாதவனாய் இருத்தல் வேண்டும் என்கின்றார். பங்களாப் புல்வெளியில் நிற்பவனுக்கு இது எளிது. காட்டுப்பன்றி அவனுடைய தேநீர் மேசைக்கு வருவதில்லை. முள்ளம்பன்றி அவன் கிழங்கைத் தோண்டுவதில்லை. கொல்லைக்காரனின் கண்ணோ அவ்வாறு விடுதலை பெற்றதன்று. ஓரிரவில் மூன்று மாத உழைப்பு உழப்பட்டுக் கிடப்பதைக் காணும் அவன், காட்டுயிரைக் 'காட்சி' என்று எவ்வாறு காண்பான்? இதனாற் சிலர், ஏழைக்கு இயற்கையழகு தெரியாது என்று முடிவு கட்டுவர். அதுவும் ஓர் அவமதிப்பே. லயத்து வாசலிற் செவ்வந்தியும் டேலியாவும் நடாத குடும்பம் அரிது. அவை உண்பதற்கு உரியன அல்ல. அழகை அவன் அறிவான். அழகுக்குரிய விலையைத் தனியே செலுத்துமாறு கேட்கப்படுவதே அவன் நிலை.

இவ்விலை யாது என்பதை 2020ஆம் ஆண்டு வைகாசி மாதம் நாடறியக் காட்டியது. சிவனொளிபாத மலையின் அடியில், நல்லதண்ணிப் பகுதியின் லக்சபானத் தோட்டத்தில், மரக்கறிக் கொல்லையொன்றின் அருகே காட்டுப்பன்றிக்கென வைக்கப்பட்ட கம்பித் தடத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கியது. இலங்கையில் மிக அரிதாகவே காணப்படும் விலங்கு அது. 26ஆந் திகதி வனசீவராசிகள் திணைக்களத்தினர் அதனை மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றனர். 29ஆந் திகதி அது இறந்தது. இடைப்பட்ட நாட்களில் அதன் படம் நாடெங்கும் பரவிற்று. கழுத்திலே காயத்தோடு அது பார்த்த பார்வையைக் கண்டு கலங்காதார் இலர்.

அப்படம் எழுப்பிய சினம் நேர்மையானது. ஆனால் அது சென்ற திசை ஒன்றே: தடம் வைத்த கை. சட்டத்தின் முன் அது குற்றமே. அறத்தின் முன்னும் அக்கம்பிக்கு நியாயம் கற்பிக்க இயலாது. இலக்கு வைத்த உயிரையும் வைக்காத உயிரையும் வேறுபாடின்றி, மணிக்கணக்கில் வதைத்துக் கொல்லும் கொடிய கருவி அது. எனினும் வினா ஆங்கு முடியவில்லை. தடம் என்னும் சொல் விலங்கின் காற்சுவட்டையும் குறிக்கும், அதைப் பிடிக்கும் சுருக்கையும் குறிக்கும். தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் சிறுத்தைகளை ஆராய்வோர் கட்டும் தானியங்கிக் கமராவும் அத்தகையதே. அதுவும் விலங்கு வரும் வழியறிந்து மரத்திற் கட்டப்படுகின்றது; விலங்கின் அசைவே அதனையும் இயக்குகின்றது. ஒன்று உயிரைப் பறிக்கின்றது, மற்றது உருவை மட்டும் கொள்கின்றது. இவ்வேறுபாடு மிகப் பெரிது. ஆனால் இரண்டையும் கட்டுவோரிடையே உள்ள வேறுபாடும் சிறிதன்று. ஒருவனுக்கு அவ்விலங்கு வந்தால் நன்மை. மற்றவனுக்கு அது வராதிருந்தால்தான் நன்மை.

இங்கேதான் பேகனின் கதை மீண்டும் பொருள் பெறுகின்றது. அவன் மயிலுக்குத் தந்தது தன் சொந்தப் போர்வை. அதனால் வந்த குளிரைத் தானே தாங்கினான். இன்று காட்டுயிரை நேசிப்போர் பலர் தருவது பிறருடைய போர்வையை. படத்தின் இன்பம் ஒருவர்க்கும் பயிரின் இழப்பு இன்னொருவர்க்குமாய்ப் பங்கிடப்படும்போது, அந்நேசம் எத்துணை உண்மையானதாயினும் அதன் கணக்கு நேரானதன்று. பறவையைப் படம் பிடிப்பவன் தொழிலாளியையும் படம் பிடிக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. கூடையோடு புன்னகைக்கும் கொழுந்துப் பெண்ணின் படம் உலகிலே போதிய அளவு உண்டு. தேயிலைப் பெட்டிகளில் அப்பெண் ஓயாது சிரித்துக்கொண்டிருக்கின்றாள். வேண்டப்படுவது வேறு. தான் கண்டு மகிழ்ந்த உயிர் அயலானின் கொல்லையில் என்ன செய்தது என்று கேட்டறிதலும், வேலிக்கு ஆகும் செலவில் தன் பங்கை ஏற்றலும், காணும் உரிமையோடு பிறந்த கடப்பாடுகள். கண்டவன் காணப்பட்டதற்கு மட்டுமன்றி, அதனோடு வாழ்கின்றவனுக்கும் கடன்பட்டவன்.

வீட்டுத் தோட்டத்தில் இக்கடப்பாடு இயல்பாகவே தோன்றும் என்பது அதன் தனிச்சிறப்பு. பூங்காவுக்கு வருபவன் படத்தோடு திரும்பிவிடுவான். ஆறுமணிக் குருவி பதறியதா, மறுநாள் அவ்விடத்துக்கு வந்ததா என்பன அவனுக்குத் தெரியா. வீட்டிலிருப்பவனுக்குப் பறவை விருந்தன்று, அயல். இன்று கூட்டைக் கலைத்தால் நாளை வெறுங்கூட்டை அவனே காண வேண்டும். சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (எழுத்தாளர் மாதவையாவின் மைந்தர்) கருப்பு வெள்ளைப் படங்களாலும் எழுத்தாலும் இயற்கையைப் பதிந்தவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஆங்கில நாளிதழொன்றில் அவர் தொடர்ந்து எழுதிய பத்தியிலே காட்டு யானையோடு காகமும் அணிலும் ஒத்த மதிப்புப் பெற்றன. வாசலுக்கு வருவதைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண் அரியதைத் தேடி அலைவதில்லை. லயத்து இளைஞன் கைத்தொலைபேசியில் எடுக்கும் மங்கலான மைனாப் படம் எப்போட்டியிலும் பரிசு பெறாது. ஆனால் அந்த மைனா எக்கூரையின் எந்தத் தகரத்தினடியிற் குஞ்சு பொரித்தது என்பதை அவன் அறிவான்.

தேயிலைச் செடியின் உள்ளே சின்னான் கூடு கட்டுவதுண்டு. அதனைப் படம் எடுக்க விழைபவன், முட்டைகள் தெளிவாய்த் தெரியுமாறு மறைக்கும் இலைகளை ஒதுக்கிவிடுவான். ஒதுக்கிய இலை வழியே வெயிலும் காகத்தின் கண்ணும் உட்புகும். கொழுந்து பறிக்கும் கையும் அக்கூட்டைக் காணும். நிறை குறைந்தால் சம்பளம் குறையும் என்பதை அறிந்த கை அது. அக்கை அச்செடியின் கொழுந்தை அப்படியே விட்டு, விலகிய கிளையை மீண்டும் பொருத்தி மூடிவிட்டு, அடுத்த செடிக்கு நகருமாயின், அதற்குப் படம் எதுவும் இராது.